பனையின் கசப்பை எடுப்பது எப்படி: பனாட்டு, ஒடியல், கூழ்

நான் தனியாக ஒடியல் கூழ், அதாவது காயவைத்த பனங்கிழங்கின் மாவில் செய்யும் கூழ், காய்ச்சிய முதல் நாள் இன்னும் நினைவிருக்கிறது. படிப்பிக்கத் தொடங்கிய புதிது. பள்ளிக்கூடத்திலிருந்து ஐந்து பேர் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான புங்குடுதீவுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நண்டு, இறால், மீன் எல்லாம் விடியவே வாங்கியாயிற்று. மாவை ஊறப்போட்டுக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பசி நேரம் வந்துவிட்டதே என்று, அந்தத் தண்ணீரோடு சேர்த்து அப்படியே பானைக்குள் ஊற்றிவிட்டேன். ஐந்து பேரும் மரியாதைக்கு ஒரு பிளா (ஓலையில் மடித்த கிண்ணம்) குடித்தார்கள். இரண்டாம் முறைக்கு ஒருவரும் பிளாவை நீட்டவில்லை. அவர்கள் போனபிறகு அம்மம்மா ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "நண்டைக் கழுவத் தெரிஞ்ச பிள்ளைக்கு மாவைக் கழுவத் தெரியேல்லையே" என்றார்.

அப்போது நான் வகுப்பில் இரசாயனவியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் வெட்கம். கரைதிறன், வடித்தல், படிதல் எல்லாம் கரும்பலகையில் எழுதத் தெரியும். அம்மம்மாவோ பனங்காய் மணக்கும் கையால் அதையே செய்துகொண்டிருந்தார். ஓய்வு பெற்றபின் ஒவ்வொரு வருடமும் எங்கள் வளவுப் பனைகளின் கீழே அதைத் திரும்பப் படித்தேன். பழத்தில் தொடங்கிக் கூழ்ப் பானை வரை எப்படிச் செய்வது, எங்கே சோம்பல் படக்கூடாது என்பதை இங்கே எழுதுகிறேன். கள்ளைப் பற்றி எழுதவில்லை. அதற்கு மரத்தில் ஏறத் தெரிந்தவர்கள்தான் எழுதவேண்டும்.

எந்தப் பழம்

பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூக்கும்வரை எது எதுவென்று தெரியாது. வடலி (இளம் பனை) வளர்ந்து பூப்பதற்கே பன்னிரண்டு பதினைந்து வருடம் போய்விடும். ஆகவே பழத்துக்கென்று இன்றைக்கு மரம் நட்டால் அது பேரப்பிள்ளைக்குத்தான். இருக்கிற பெண் பனைகளை அறிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் ஆடி, ஆவணியில் பழம் விழும். இரவில் தொப்பென்று விழுகிற சத்தம் கேட்டால் எந்த மூலை என்று படுத்திருந்தபடியே கணக்கு வைப்போம். வெளிச்சம் வருமுன் போய் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மாடு முந்திவிடும். விழுந்து ஒரு நாளுக்கு மேற்பட்ட பழத்தில் புழு இருக்கும், அதை விடுங்கள். நல்ல பழம் கறுத்து, அமுக்கினால் லேசாக இளகும். மணம் முற்றத்துக்கே வரும்.

ஆனால் கண்ணும் மூக்கும் போதாது. ஒரு மரத்துப் பழம் மாதிரி இன்னொரு மரத்துப் பழம் இராது. எங்கள் கிணற்றடிப் பனை தேன். வேலியோரத்துப் பனை பார்க்க அதைவிடப் பெரிய பழம் போடும், ஆனால் வாயில் வைக்க முடியாது. அதனால் சேர்க்குமுன் ருசி பாருங்கள். தோலைக் கொஞ்சம் உரித்து, உள்ளே உள்ள சதையான களியை நாக்கில் வைத்து, பத்து வரை எண்ணுங்கள். பனங்களி முதலில் இனிக்கும். கசப்பு பிந்தித்தான் வரும், நாக்கின் அடியில் போய் உட்காரும். பத்து எண்ணும் முன்னே "நல்ல இனிப்பு" என்று சொல்லிக் கடகத்துக்குள் போட்டவர்கள் பிறகு ஒரு பாய் பனாட்டையே (வெயிலில் காயவைத்த களி) வீணாக்கியிருக்கிறார்கள்.

நுரைக்கும் களி

இந்தக் கசப்புக்கு ஒரு பெயர் உண்டு. பனையின் தாவரவியல் பெயர் பொராசஸ் ஃபிளாபெலிஃபர். இலத்தீனில் ஃபிளாபெல்லம் என்றால் விசிறி, ஓலையின் வடிவத்தால் வந்த பெயர். அதிலிருந்து அந்தக் கசப்புப் பொருட்களுக்கு ஃபிளாபெலிஃபெரின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இவை சாப்போனின் வகை. ஒரு பக்கம் எண்ணெயோடு ஒட்டும் ஸ்டீராய்டு உடல், மறுபக்கம் தண்ணீரோடு ஒட்டும் சர்க்கரைச் சங்கிலி. இரண்டு பக்கத்துக்கும் உறவுள்ள மூலக்கூறு எதுவோ அது நுரைக்கும், அழுக்கையும் எடுக்கும்.

நம்பாவிட்டால் ஒரு போத்தலில் இரண்டு தேக்கரண்டி பனங்களியும் பாதித் தண்ணீரும் விட்டு மூடி, இருபது தரம் குலுக்கிப் பாருங்கள். நுரை கழுத்து வரை ஏறி நிற்கும், சட்டென்று அடங்காது. முன்பு எங்கள் ஊரில் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தார்கள். சின்ன வயதில் இதைக் கேட்டு, சவர்க்காரம் வாங்கக் காசில்லாத காலத்துக் கதை என்று நினைத்தேன். காசு மட்டுமல்ல காரணம். யாழ்ப்பாணக் குடாநாடும் தீவுகளும் சுண்ணக்கல்லின் மேல் இருப்பவை. கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கரைந்திருக்கும். சவர்க்காரம் கல்சியத்தோடு சேர்ந்து வெள்ளை வெள்ளையாகத் திரண்டு நின்றுவிடும், நுரைக்காது. சாப்போனினுக்கு மின்னேற்றம் கிடையாது, அதனால் கல்சியம் அதைப் பிடித்துத் திரளச் செய்வதில்லை. எங்கள் கிணற்றுக்குச் சவர்க்காரத்தைவிடப் பனம்பழம் தோதாக இருந்திருக்கிறது. இதை வகுப்பில் சொல்லியிருந்தால் எத்தனை பிள்ளைகளுக்கு வன்னீர்ப் பாடம், இப்படிக் கல்சியம் கரைந்த தண்ணீரைப் பற்றிய பாடம், மறக்காமல் இருந்திருக்கும். அப்போது எனக்கே தோன்றவில்லை.

இந்த நுரைதான் உங்களுக்கு அளவுகோல். பின்னால் ஒடியல் மாவைக் கழுவும்போதும் இதையே பார்க்கவேண்டி வரும்.

பனாட்டுப் போடுதல்

பழத்தைக் கழுவி, தலையில் தொப்பி மாதிரி ஒட்டியிருக்கும் இதழ்களைக் கழற்றுங்கள். கறுப்புத் தோலை நார் நாராக உரித்துவிடுங்கள். உள்ளே செம்மஞ்சள் களி, அதற்குள் நாரோடு கொட்டைகள், பெரும்பாலும் மூன்று. அகலமான பாத்திரத்தில் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். இங்கேதான் எல்லாரும் தண்ணீரை அள்ளி ஊற்றுவார்கள், வேலை சுலபமாகும் என்று. அந்தத் தண்ணீர் முழுவதையும் வெயில்தான் எடுக்கவேண்டும் என்பதை மறந்துவிடுவார்கள். பழம் ஒன்றுக்கு ஒரு கை தண்ணீர் போதும். நார் வெளிறும்வரை பிழிந்து, களியை மெல்லிய துணியில் அல்லது அரிதட்டில் வடித்தெடுங்கள். கொட்டையை எறியாமல் ஒரு மூலையில் குவித்து வையுங்கள்.

வெயில் விழும் இடத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பந்தல் கட்டி, அதன்மேல் ஓலைப்பாய் விரியுங்கள். பந்தல் கால்களைத் தண்ணீர் ஊற்றிய பழைய பேணிகளுக்குள் நிறுத்தினால் எறும்பு ஏறாது. களியைப் பாய்மேல் ஊற்றிக் கையால் பரவுங்கள். தோசையைவிடச் சற்றுத் தடிப்பு, அதற்கு மேல் வேண்டாம். மறுநாள் அது காய்ந்த பிறகு அதன்மேல் இன்னொரு பூச்சு. இப்படிப் பத்துப் பன்னிரண்டு நாள். ஒரே நாளில் தடிப்பாக ஊற்றினால் மேலே ஆடை கட்டிக்கொண்டு உள்ளே ஈரம் நின்றுவிடும், புளிக்கத் தொடங்கும். களியில் பெக்டின் இருப்பதால் ஒவ்வொரு பூச்சும் கீழே உள்ளதோடு ஒட்டி ஒரே தோலாகிவிடும். வெட்டிப் பார்த்தால் அடுக்குத் தெரியாது.

மாலையில் பனி விழுமுன் மூடுங்கள். ஒரு வருடம் நான் ஒரு கலியாண வீட்டுக்குப் போய் இரவு தங்கிவிட்டேன். எட்டு நாள் காய்ந்த பாயை மூட ஒருவரும் இல்லை, இரவு மழை பெய்தது. காலையில் தண்ணீரை வடித்துத் திரும்பக் காயப்போட்டேன். மூன்றாம் நாள் பச்சையாகப் பூஞ்சணம். அதை மேலாகச் சுரண்டிவிட்டுச் சாப்பிடலாம் என்று சொல்வார்கள். கேட்காதீர்கள், பூஞ்சணத்தின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் கீழே போயிருக்கும். நான் முழுவதையும் குழி தோண்டிப் புதைத்தேன்.

காய்ந்த பனாட்டு மண்ணிறமாகி, வளைத்தால் உடையாமல் மடியும். பாயிலிருந்து உரித்து, துண்டு போட்டு, ஓலைப்பெட்டியில் அடுக்கி, அடுப்புக்கு மேலே புகை படும்படி தொங்கவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும். நீர் போய்ச் சர்க்கரை செறிந்துவிட்டதால் கிருமி வளரத் தேவையான ஈரம் அதற்குள் இல்லை. கசப்பு மட்டும் எங்கேயும் போகவில்லை. களியைக் கழுவ முடியாது, கழுவினால் சர்க்கரையும் சேர்ந்து போய்விடும். அதனால்தான் தொடக்கத்தில் பத்து வரை எண்ணச் சொன்னேன்.

கசப்புக் கொஞ்சம் நின்றுவிட்டதென்றால் பாணிப்பனாட்டு போடலாம். பனங்கட்டியைக் காய்ச்சிப் பாணியாக்கி, மிளகு, சீரகம் இடித்துப் போட்டு, வறுத்த எள்ளும் சேர்த்து, துண்டு போட்ட பனாட்டை அதில் ஊறவிடுவது. இனிப்பும் உறைப்பும் சேர்ந்து கசப்பைப் பின்னுக்குத் தள்ளிவிடும். பனங்கட்டி என்றதும் சுண்ணாம்பு நினைவுக்கு வருகிறது. கருப்பணி (பதநீர்) இறக்குபவர்கள் முட்டியின் உள்பக்கத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். தடவாவிட்டால் காற்றிலும் பாளையிலும் உள்ள மதுவம் (ஈஸ்ட்) சர்க்கரையைத் தின்று கள்ளாக்கிவிடும். சுண்ணாம்பின் காரத்தில் மதுவம் எழும்பாது. இன்னொன்றும் நடக்கும்: புளித்த பதநீரைக் காய்ச்சினால் சுக்குரோசு உடைந்து பாணியாகவே நிற்கும், கட்டியாக உறையாது. சுண்ணாம்பு அதையும் தடுக்கிறது. ஓலைக் குட்டானுக்குள் பனங்கட்டி இறுகுவது அந்த ஒரு தடவலால்.

பாத்தி

பிழிந்தெடுத்த கொட்டைகளைப் புரட்டாதி வரை சேர்த்து, மாரி தொடங்குமுன் பாத்தி போடுங்கள். எங்கள் ஊரில் ஒரு முழம் தோண்டினால் மண்வெட்டி கல்லில் தட்டும். பனங்கொட்டையோ முளைக்கும்போது மேலே வராது. முதலில் ஒரு குழாயை நேராகக் கீழே அனுப்பும். கிழங்கு அந்த ஆழத்தில்தான் உருவாகும். கீழே கல் என்றால் கிழங்கு கோணிப்போகும், கிண்டும்போது முறியும். அதனால் நிலத்தைத் தோண்டாமல் மண்ணை மேலே கூட்டுகிறோம். மணற்பாங்கான மண்ணைக் கொத்திப் புழுதியாக்கி, முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை மேடாகக் குவித்து, மேலே கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மெல்லிதாக மண் தூவி, காவோலை போட்டு மூடுங்கள். மழை பிந்தினால் ஒன்றுவிட்ட ஒரு நாள் தண்ணீர். மாரி பிடித்துவிட்டால் உங்களுக்கு வேலை இல்லை.

கார்த்திகை வாக்கில் ஒரு கொட்டையை எடுத்துப் பிளந்து பாருங்கள். உள்ளே நுங்காக இருந்து கல்லாக இறுகிய பருப்பின் நடுவே, இப்போது வெள்ளைப் பஞ்சாகப் பூரான் வளர்ந்திருக்கும். பிள்ளைகளுக்குக் கொடுங்கள், கையில் நிற்காது. எல்லாவற்றையும் பிளந்துவிடாதீர்கள், பருப்பின் சத்து இந்தப் பூரான் வழியாகப் போய்த்தான் கிழங்கு பருக்கிறது.

மார்கழி, தையில் கிழங்கு. பாத்தியின் ஓரத்தில் பள்ளம் வெட்டிக்கொண்டு உள்பக்கமாகச் சரித்து எடுக்கவேண்டும். மேலே நின்று கொத்தினால் பாதிக்குப் பாதி முறியும். தை கடந்தும் விட்டுவைத்தால் குருத்து ஓலையாக வெளியே வரும். மாப்பொருளை அது எடுத்துக்கொள்ளும், கிழங்கில் நார்தான் மிஞ்சும். கொட்டையில் பூரான் போனபின் மிஞ்சுகிற வெற்று ஓடு ஊமல். காயவைத்து எரித்தால் நல்ல கரி. அம்மம்மா ஊமற்கரியில்தான் பல் விளக்கினார், கடைசிவரை சொந்தப் பல்.

ஒடியலும் புழுக்கொடியலும்

இரண்டும் ஒரே கிழங்குதான். தோலை உரித்து, நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, நடுவிலுள்ள குருத்தை எடுத்துவிட்டுப் பச்சையாகவே காயவைத்தால் ஒடியல். உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, பிறகு கிழித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். இரண்டுக்கும் நல்ல வெயிலில் ஒரு கிழமை, பத்து நாள் வேண்டும். முறித்தால் டக்கென்று சத்தம் வரவேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை.

இரண்டையும் மாவாக்கலாம். ஆனால் ஒன்றுக்குப் பதிலாக மற்றதைப் போட முடியாது. வெளிநாட்டிலிருந்து வந்து கேட்கிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அவித்தபோதே புழுக்கொடியலின் மாப்பொருள் மணிகள் ஊதி வெடித்துவிட்டன. காய்ந்ததும் கண்ணாடி மாதிரி இறுகிவிடும், அதனால்தான் கடிக்கப் பல் வேண்டும். அந்த மாவைத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு அப்படியே சாப்பிடலாம். கூழுக்குப் போட்டால் தடிக்காது. ஒடியலின் மணிகள் பச்சையாகவே இருக்கின்றன. சூடான கூழுக்குள் விழுந்ததும்தான் ஊதும், கூழ் கொழுகொழுவென்று வரும்.

கிழங்கு அவித்த தண்ணீரைக் கீழே ஊற்றிவிடுங்கள். அதில் உப்பு இருக்கிறதே, ஆட்டுக்கு வைக்கலாமே என்று நினைக்கவேண்டாம். எங்கள் ஆடு ஒருமுறை முகர்ந்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது.

மாவைக் கழுவுதல்

காய்ந்த ஒடியலை உரலில் இடித்து அரித்தெடுங்கள், அல்லது ஆலையில் கொடுங்கள். கப்பியைத் திரும்ப இடியுங்கள். இனி என் பழைய பிழைக்கு வருவோம்.

கால் கிலோ ஒடியல் மாவை வாயகன்ற பாத்திரத்தில் போட்டு, பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கட்டியில்லாமல் கரையுங்கள். மொத்தம் ஒன்றரை லீற்றர் அளவுக்கு வரட்டும். சுடுதண்ணீர் கூடாது. எழுபது பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடு போனால் மா அங்கேயே கூழாகிவிடும், கசப்பை உள்ளே பூட்டிவிடும். கரைத்ததும் மேலே நார்த் தும்பு மிதக்கும், நுரை ஓரமாக வளையம் கட்டும். நாரை அள்ளி எறியுங்கள். ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் மா படிந்து, மேலே மங்கல் மஞ்சளாகத் தண்ணீர் தெளியும். பாத்திரத்தை மெல்லச் சரித்து அந்தத் தண்ணீரை வடியுங்கள். அவசரப்பட்டால் மாவும் சேர்ந்து போய்விடும். திரும்ப அதே அளவுக்குத் தண்ணீர், திரும்ப ஒரு மணி நேரம். மூன்று தரம்.

தீவில் நல்ல தண்ணீர் அரிது, சவர்க் கிணறுகள்தான் அதிகம், குடிதண்ணீர் பவுசரில் வரும். அதனால் "ஒரேயடியாக ஒரு வாளி ஊற்றினால் ஆகாதா?" என்று கேட்பார்கள். ஆகாது, கணக்குப் பாருங்கள். வடித்தபின் படிந்த மாவுக்குள் 300 மில்லிலீற்றர் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை லீற்றரில் அது ஐந்தில் ஒரு பங்கு. ஒரு தரம் வடித்தால் கரைந்த கசப்பில் ஐந்தில் ஒன்று மிஞ்சும், மூன்று தரம் வடித்தால் நூற்றிருபத்தைந்தில் ஒன்று. இதற்கு ஆகும் தண்ணீர் மொத்தம் 3.9 லீற்றர். அதே 3.9 லீற்றரையும் ஒரே தடவையில் ஊற்றி வடித்தால் பதின்மூன்றில் ஒரு பங்கு மிஞ்சி நிற்கும். தண்ணீர் ஒன்றுதான், கசப்பு கிட்டத்தட்டப் பத்து மடங்கு. அம்மம்மாவுக்குப் பின்னம் தெரியாது. "மூண்டு தரம், கொஞ்சம் கொஞ்சமா" என்பது தெரியும்.

மூன்றாம் தண்ணீரை ஒரு கிளாசில் எடுத்துக் குலுக்குங்கள். நுரை எழும்பி உடனே அடங்கினால் போதும். நின்றால் நாலாம் தரம்.

இது ருசிக்கு மட்டும் செய்கிற வேலை அல்ல. 1970களில் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளுக்குப் பனங்கிழங்கு மாவைத் தீவனமாகக் கொடுத்துப் பார்த்து, ஈரலில் பாதிப்புக் கண்டார்கள். நாங்கள் எலியைப் போல நாள்தோறும் அதையே தின்பதில்லை. ஆனாலும் பச்சை ஒடியலைக் கடித்துத் தின்பதும், ஊறவைக்காத மாவைக் "சத்து மா" என்று பாலில் கரைத்துக் குடிப்பதும் வேண்டாம். கழுவி, வடித்து, நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிடுங்கள். கடையில் வாங்கும் ஒடியல் மாவுக்கும் இது பொருந்தும், பொதியில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

கூழ்

எட்டுப் பேருக்கு அளவு சொல்கிறேன். கழுவிய கால் கிலோ மா, மூன்று லீற்றர் தண்ணீர், ஒரு கை சிவப்புப் பச்சையரிசி, இருபது பலாக்கொட்டை, கால் கிலோ மரவள்ளிக்கிழங்கு, ஒரு பிடி பயத்தங்காய், ஒரு பிடி முருங்கையிலை. மீன் அரைக் கிலோ, தலையோடு. நண்டு நாலைந்து, இறால் கால் கிலோ. செத்தல் மிளகாய் பதினைந்து, மஞ்சள் சிறு துண்டு, இரண்டையும் அம்மியில் மை போல அரைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சம்பழ அளவு பழப்புளி.

பெரிய பானையில் தண்ணீர் கொதித்ததும் அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி. மரவள்ளி வேகும்வரை மூடி போடாதீர்கள். அதற்குள்ளும் ஒரு நஞ்சு உண்டு, கிழங்கை வெட்டும்போது ஐதரசன் சயனைட்டு வெளிவரும். அது ஆவியாகிப் போகிற சாமான், மூடினால் எங்கே போகும்? மரவள்ளி சேர்த்த சாப்பாட்டில் இஞ்சி போடாதே என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். நானும் போடுவதில்லை, இரசாயனக் காரணம் கேட்காதீர்கள்.

கிழங்கு பாதி வெந்ததும் பயத்தங்காய், நண்டு, மீன், கடைசியாக இறால். அரைத்த மிளகாயும் உப்பும் போடுங்கள். மீன் வெந்து பச்சை மணம் போனபின் புளிக்கரைசல். புளி ஒரு கொதி கொதித்ததும், கழுவிய மாவைக் கொஞ்சம் தண்ணீரில் இளக்கி, ஒரு கையால் ஊற்றி மறுகையால் அகப்பையைச் சுழற்றுங்கள். மாவை முதலிலேயே போட்டுப் புளியோடு நெடுநேரம் கொதிக்கவைத்தால், அமிலம் மாப்பொருள் சங்கிலியை வெட்டிக் கூழைத் தண்ணியாக்கிவிடும். பிந்திப் போட்டால் அந்தச் சிக்கல் இல்லை. பிந்திப் போடுகிறோம் என்பதற்காக வேகவிடாமல் இறக்கவும் கூடாது. மா விழுந்தபின் சிறு நெருப்பில் பதினைந்து நிமிடம், அடிப்பிடிக்காமல் துழாவிக்கொண்டே இருங்கள். வெள்ளையாக இருந்த மா மண்ணிறம் ஏறி, அகப்பையிலிருந்து நூல் மாதிரி வழியும். முருங்கையிலை போட்டு இரண்டு நிமிடத்தில் இறக்குங்கள்.

பிளாவுக்குப் பனங்குருத்தோலை எடுத்து மடித்துக் கோலுங்கள். கோப்பையில் குடித்தால் கூழ் கெட்டுப்போகாதுதான். ஆனால் பிளாவைக் கையில் பிடித்தால் சூடு ஓலை வழியாக மெல்ல வரும், ஓலை மணமும் சேரும். சுற்றி இருந்து, ஆளுக்கொரு நண்டுக்காலைப் பிளாவுக்குள் தேடிக்கொண்டு குடிக்கவேண்டிய சாப்பாடு இது.

1991இல் ஊரே இடம்பெயர்ந்து போனபோது நாங்கள் கொண்டுபோன மூட்டையில் ஒரு பை ஒடியல் இருந்தது. அது காய்ந்த சாமான், பாரமில்லை, பழுதாகாது. போன இடத்தில் நண்டும் இல்லை, மீனும் இல்லை. மரவள்ளியும் முருங்கையிலையும் மட்டும் போட்டு அம்மா காய்ச்சினார். ஒரு வாளித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கவேண்டிய அந்த நாட்களிலும் மாவை மூன்று தரம்தான் கழுவினார்.

கூழ் மிஞ்சினால் கவலை வேண்டாம். ஆறியதும் சட்டியில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், நண்டும் மீனும் கிடக்கிற சாமானை வெளியில் வைக்கக்கூடாது. காலையில் பார்த்தால் பாளமாக இறுகி, ஓரத்தில் தண்ணீர் விட்டிருக்கும். ஊதிய மாப்பொருள் ஆறும்போது திரும்ப ஒன்றோடொன்று நெருங்கி, பிடித்த தண்ணீரை வெளியே தள்ளுகிறது. பழுதில்லை. ஒரு கோப்பை கொதிநீர் விட்டு, சிறு நெருப்பில் அகப்பையால் மசித்துக் கொதிக்கவையுங்கள். உப்பு மட்டும் ஒருமுறை பாருங்கள், தண்ணீர் விட்டதால் குறைந்திருக்கும்.